கொன்றவர்கள் கும்பிடும்போது

தான் கொன்றவளையே ஓர் ஊர் தெய்வமாக்கிப் படையல் வைத்தால், அதைக் குற்றத்தின் ஒப்புதல் என்பதா, குற்றத்திலிருந்து நழுவும் வழி என்பதா? லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) திரைப்படம் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் யோசனா, ஊர் ஆண்களின் வன்கொடுமைக்குப் பலியாகி மாடத்தி என்ற தெய்வமாகிறாள். உயிரோடு இருந்தவரை ஒளிந்து வாழ்ந்தவளைச் செத்த பிறகு தேடி வந்து கும்பிடுகிறார்கள். பெண்ணை மறைத்துவைப்பதைக் காட்டிய இன்னொரு படைப்போடு இதை ஒப்பிடலாம். ஈரானில் பிறந்து நியூயார்க்கில் வாழும் கலைஞரும் இயக்குநருமான ஷிரின் நெஷாத், 'டர்புலன்ட்' (1998) காணொளிப் படைப்பில் இரு திரைகளை எதிரெதிரே வைத்தார். ஒன்றில் ஆண் நிறைந்த அவைக்குப் பாடுகிறான். மற்றதில் பெண் காலி நாற்காலிகளுக்குப் பாடுகிறாள். ஈரானில் ஆண்கள் முன் பெண் தனித்துப் பாட அரசே தடை விதித்திருக்கிறது. அங்கே யாரை எதிர்ப்பது என்பதாவது தெரியும். மாடத்தியின் ஊரில் அழித்தவர்களே பக்தர்களாகிவிடுகிறார்கள்.

வழிபாடு தன்னளவில் நீதியாகாது, கொன்றவன் கதையில் இருக்கும்வரைதான் அது சாட்சி என்பது என் கட்சி. மதுரை வீரனையே பாருங்கள். மலேசியத் தமிழர் வாழ்ந்த ரப்பர் காடுகளில் முனியாண்டி, காளியம்மனோடு அவனும் பழகிய சாமி. செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்த பிள்ளை, மேல்சாதிப் பெண் பொம்மியைத் தூக்கிச் சென்றவன், மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கதையில் அவன் காசி ராஜாவின் மகன்; 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அரச குலத்தில்தான் பிறக்கிறான். முத்துப்பட்டன் கதைப்பாடலிலும், பிராமணனான அவன் மணந்த அருந்ததியர் வீட்டுப் பெண்களைப் பிறப்பால் பிராமணர் என்று பின்னாளில் ஒட்டுப்போட்டதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை சுட்டிக்காட்டியிருக்கிறார். பிறப்பை மாற்றிவிட்டால் கொலைக்குச் சாதி காரணமில்லை, விதியோ சாபமோதான் காரணம். சாமி அப்படியே நிற்கும், வழக்குத் தள்ளுபடி.

சாமியாக்கியதால்தானே பெயராவது மிஞ்சியது என்று கேட்கலாம். நியாயம்தான். தோட்டத்துக் கங்காணிக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் எதிராக முறையிட வேறு இடமில்லாதவர்கள் முனியாண்டியிடம் முறையிட்டதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்த முறையீடு வாழ்ந்தது உடுக்கைப் பாட்டிலும் சாமியாடியின் வாக்கிலும். இன்னொரு பக்கம், லீனா நம்பிக்கையை அவமதிப்பவர் என்பார்கள். 2022இல் அவரது 'காளி' ஆவணப்படத்தின் சுவரொட்டியில் தேவி புகைபிடித்ததற்கு இந்தியாவில் வழக்குகள் பாய்ந்தன. படம் திரையிடப்பட்ட டொராண்டோவின் ஆகா கான் அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்தது. மனம் புண்பட்டது என்றவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைத்த தோட்டத்துக்காரருக்கு அதில் அதிர என்ன இருக்கிறது? அதிர்ந்தால், இடையில் சாமி மாறியிருக்கிறது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட பின் நிலம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனது. தப்பிய மரத்தடிக் கோயில்கள் சில கோபுரமும் கும்பாபிஷேகமும் கண்டன. அந்த உயர்வில் சுருட்டும் கிடாவெட்டும் முதலில் வெளியேறின. சாமி எப்படிச் செத்தது, யார் கொன்றார்கள் என்ற பாட்டும் கூடவே போயிற்று. 'மாடத்தி'யில் லீனா அந்தப் பாட்டைக் கேமராவில் திரும்பச் சொல்லும்போது கொன்றவர்களை விட்டுவிடவில்லை.