அம்மாவுக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டால்

செலியமேட்டில் எங்கள் வீட்டுப் பொங்கல் வேலை மார்கழி பாதியிலேயே தொடங்கிவிடும். பரண்மேல் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். ஒட்டடை அடிக்க வேண்டும். சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவருக்குப் பூச வேண்டும். திண்ணை விளிம்புக்குக் காவி தீட்ட வேண்டும். இதற்கு நடுவில் மார்கழி முழுவதும் விடியற்காலை நாலரை மணிக்கு வாசல் கூட்டி, சாணம் தெளித்து, கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி வைக்க வேண்டும். பாகூர் பக்கத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். சம்பா அறுப்பும் இதே நாட்களில்தான் வரும். அறுப்புக்குப் போய்விட்டு வந்துதான் அம்மா இத்தனையும் செய்வாள்.

ஏன் இவ்வளவு இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று நான் எப்போது கேட்டாலும் அப்பாவிடமிருந்துதான் பதில் வரும். "அவளுக்குப் பிடிக்கும், செய்யறா. உனக்கு என்னா?"

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழியின் கடைசி வாரத்தில், ஈர வாசலில் அம்மா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "இந்த வருசம் பொங்கல சும்மா பேருக்கு வச்சிக்கலாம். ஒண்ணும் அவசியம் இல்ல."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்னை நெடுநாள் விடவில்லை. முப்பது வருடங்களாக அந்த வீட்டில் எதுவும் பேருக்கு நடந்ததில்லை. கோலம் சின்னதாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். குழம்பில் ஒரு காய் குறைந்தால் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவள் கை நன்றாக இருந்தவரை அது நம் பண்பாடு, விட்டுக்கொடுக்க முடியாதது. அந்தக் கையில் கட்டு விழுந்ததும் ஒரே மாலையில் அவசியமில்லாததாகிவிட்டது. அப்படியானால் முப்பது வருடமும் அது யாருடைய அவசியம்?

அன்றிரவு அம்மா அழுதாள். வலியால் என்று நினைத்து மாத்திரை எடுத்துக்கொண்டு போனேன். "கை வலிக்கு இல்லடி. வாசல் வெறுமனே கெடக்கும், அதான்" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் யோசிக்க முயல்வது இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துத்தான். அப்பாவின் வாக்கியத்தில் அநீதி இருக்கிறது. அம்மாவின் வாக்கியத்தில் உண்மையான விருப்பம் இருக்கிறது. ஒரு பெண் ஒரு வேலையை விரும்பிச் செய்தால், அது சுரண்டல் ஆகாதா? சுரண்டல்தான் என்றால், அவள் விருப்பம் பொய்யா?

கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் இதற்கு எளிதான பதில் இருந்தது. சிமோன் த பொவார் 1949இல் எழுதிய 'இரண்டாம் பாலினம்' நூலில் வீட்டுவேலையைச் சிசிஃபஸின் தண்டனையோடு ஒப்பிடுகிறார். மலையுச்சிக்கு உருட்டிய பாறை மறுபடி கீழே வருவதுபோல, துடைத்தது அழுக்காகிறது, சமைத்தது தீர்ந்துபோகிறது, மிஞ்சுவதாக எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த நான், காலையில் போட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிகிறதே, இதற்கா இத்தனை உழைப்பு என்று அம்மாவிடம் கேட்டேன். முறத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "நீ காலையில படிச்சத சாயங்காலம் மறந்துடறியே, அதுக்குன்னு படிக்காம இருக்கியா?"

அன்று சிரித்துவிட்டுப் போனேன். இப்போது அதை ஒரு மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். அழிந்துபோவது என்பதாலேயே ஒன்று மதிப்பில்லாததாகிவிடாது. பாட்டும் பாடி முடித்ததும் தீர்ந்துதான் போகிறது, அதைப் பாடகரின் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை. இருபத்தொரு புள்ளி வைத்து, ஒரே இழையில் சிக்காமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடிப்பதற்குக் கணக்கு வேண்டும், நினைவு வேண்டும், இடுப்பில் வலு வேண்டும். அரிசிமாவில் போட்டதை எறும்பு தின்னட்டும் என்பாள் ஆயா. தின்னப்படுவதற்காகவே செய்த அழகு அது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ், 1990இல் வெளியான ஒரு கட்டுரையில் வீட்டைப் பற்றி வேறுவிதமாக எழுதினார். நாளெல்லாம் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் திரும்பி வந்து தங்களுக்கென்று ஒரு வீட்டைப் பேணியதை, மனிதராக இருக்க ஓர் இடத்தை உண்டாக்கிய எதிர்ப்புச் செயலாக அவர் பார்த்தார். அம்மாவை அப்படிப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. வயலில் எந்த வரிசையில் குனிய வேண்டும், எப்போது கரையேற வேண்டும் என்பதை வேறொருவர் சொல்கிறார். வாசலில் மட்டும்தான், இன்று பதினைந்து புள்ளியா இருபத்தொன்றா என்பதை அவளே தீர்மானிக்கிறாள். அவள் வாழ்வில் அவள் தீர்மானித்தவை குறைவு. ஆகவே அவள் விருப்பத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஹூக்ஸும் அதே கட்டுரையில் எச்சரிக்கிறார்: அந்தப் பெண்கள் தெரிந்தே மேற்கொண்ட பணியைப் பெண்களின் இயல்பான கடமை என்று சுருக்கிவிடக் கூடாது. 'அவளுக்குப் பிடிக்கும்' என்று அப்பா சொல்வதில் அந்தச் சுருக்கல்தான் நடக்கிறது.

கட்டுப் போட்ட கையோடு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் ஒரு பகல், எனக்கு அவளிடம் கேட்கத் தோன்றியது. பொங்கலில் உனக்கு எதெல்லாம் பிடிக்கும், எதெல்லாம் பிடிக்காது? இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சற்று யோசித்துத்தான் சொன்னாள். பிடித்தது கோலம். சர்க்கரைப் பொங்கலில் வெல்லப்பாகு சேர்ந்து வாசம் மாறுகிற நேரம். பானை பொங்கும்போது பிள்ளைகள் கத்துவது. பிடிக்காதது எது என்றபோது நிறுத்தாமல் சொன்னாள். பித்தளை தேய்ப்பது. ஒட்டடை. மொச்சை உரிப்பது, நகக்கண் எரியும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது. ராத்திரி பத்து மணிக்குப் பானைக் கரியைத் தேய்ப்பது.

பிடித்தவற்றைக் கூட்டினால் ஒரு மணி நேரம் வரும். பிடிக்காதவற்றுக்கு இரண்டு வாரம். இந்த இரண்டு வாரத்தையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வைத்து மூடிவிடும் சொல்தான் 'பிடிக்கும்'. அந்தச் சொல் பொய்யில்லை. அது யாருக்காக, எதை மறைக்கப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் மக்கள் தங்கள் நேரத்தைச் செலவிடுவது பற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்டிருந்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு அது 289 நிமிடம். ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது.

சட்டம் இதை மெல்லக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்திருப்பதால் அவருக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ இந்தத் திண்ணையில பாதி எனக்கா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டுத் திண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் வாசல் வெறுமனே கிடக்கவில்லை. அதற்குக் காரணம் பெரியம்மா.

எங்கள் தெருவிலேயே கோலத்தில் கைதேர்ந்தவள் பெரியம்மாதான். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். பெரியப்பா இறந்தபின் அவள் வாசலில் மாவு தொட்டதில்லை. பண்டிகைச் சமையலுக்கு விடியுமுன் வந்து பூசணிக்காய் நறுக்குவாள், அவரை, வள்ளிக்கிழங்கு, மொச்சை போட்டுக் குழம்பு கூட்டுவாள். பானை பொங்கும் நேரத்தில் மட்டும் கொல்லைப்பக்கம் ஏதாவது வேலை இருப்பதுபோல் போய்விடுவாள். அவள் சமைத்த குழம்புக்குத் தீட்டில்லை, அவள் முகத்துக்கு மட்டும் உண்டு. சிறு வயதில் இதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உறைத்ததே இல்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் விதவைகளின் நிலைக்கென்று ஒரு தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். அந்த நூல் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. பெரியம்மா கொல்லையில் இருந்தாள்.

போகி அன்று அம்மா அவளைக் கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்கு வாசலுக்கு நீதான் போடணும்."

"என்னாடி பேசற. நல்ல நாளும் அதுவுமா. ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு வந்து எனக்குக் கோலம் போடுமா?"

மறுநாள் நாலு மணிக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில், பெரியம்மா குனிந்தாள். பதினோரு வருடம் கழித்து. முதல் வரிசைப் புள்ளிகளுக்கு விரல் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. அடுத்த வீட்டு அக்கா வந்து நின்று பார்த்து, "யப்பா, எத்தினி வருசம் ஆச்சு இந்தக் கோலத்தப் பாத்து" என்றாள். அத்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். இன்றுவரை அதைப் பற்றிப் பேசினால் அத்தைக்குப் பிடிப்பதில்லை. பானை பொங்கியபோது பெரியம்மா கொல்லைக்குப் போக எழுந்தாள். அம்மா இடது கையால் அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைப் பார்த்த பிறகு, பண்டிகையே ஒரு விலங்கு, விட்டுவிட வேண்டியதுதான் என்று என்னால் எழுத முடியவில்லை. அவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடியது என்றால், பெரியம்மாவிடமிருந்து பிடுங்கப்பட்டது ஒன்றுமில்லை என்றாகிவிடும். அம்மாவுக்கு நிறுத்தும் உரிமை இல்லை, பெரியம்மாவுக்குத் தொடங்கும் உரிமை இல்லை. இரண்டும் ஒரே அநீதியின் இரண்டு பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வேலை விருப்பமா கடமையா என்று அறிய அவள் முகத்தில் மகிழ்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும், வேண்டும் என்று சொன்னால் யார் தடுப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கிவிடலாமே என்று தோழிகள் சொல்கிறார்கள். ஸ்டிக்கர் கோலம் இருக்கிறது, பண்டிகைச் சாப்பாடு பொட்டலமாக வீட்டுக்கே வருகிறது. முடியாதவர்கள் வாங்கட்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கடையின் பின்கட்டில் மொச்சை உரிப்பதும் இன்னொரு பெண்ணின் நகக்கண்தான். வேலை ஒரு வீட்டிலிருந்து வேறிடத்துக்குப் போயிருக்கிறது, பெண் கையை விட்டுப் போகவில்லை.

இனி என்னைப் பற்றி. எனக்கு அம்மாவின் சமையல் உயிர். சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்த முந்திரியைத் தேடித் தேடித் தின்பவள் நான். பெண்ணியம் பேசுகிறவள் இதை ரசிக்கலாமா என்று சில காலம் குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டேன். அது அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. "உப்பு பத்தலையா?" என்று கேட்டாள். ரசிக்க மறுப்பது அவள் திறமைக்குச் செய்யும் அவமானம் என்று அப்போது புரிந்தது. ரசிக்கத்தான் வேண்டும், ஆனால் ரசிப்பதோடு நம் பங்கு முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா" என்று நாம் சொல்லும் பாராட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. அதன் மறுபக்கம், வேறு யாரும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பது. நானும் அதைச் சொல்லியே தப்பித்து வந்திருக்கிறேன். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், சமையலறையே தன் அதிகாரம் என்று வாழ்ந்த மாமியாரிடம், அது அதிகாரமில்லை என்று மருமகள் சொல்கிறாள். அதை அவளை நம்பவைத்ததில் இந்தப் புகழ்ச்சிக்கும் பங்கு இருந்திருக்கும்.

எல்லாம் மாறிவிட்டது என்று முடிக்க ஆசைதான். அம்மாவின் கட்டு அவிழ்ந்ததும் தம்பி மறுபடி கைப்பேசிக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் சண்டை போட்டுத்தான் பித்தளையை அவன் தலையில் கட்டினேன். அப்பா ஒட்டடை அடிக்கிறார், அடித்துவிட்டு ஊருக்கே சொல்கிறார். பெரியம்மா வாசலில் கோலம் போடுகிறாள். இந்த வருடம் பானையைக் கூடத்தின் நடுவில் வைத்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா பழக்கத்தில் இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் உட்காரவைத்தோம். சூடான சோற்றில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கு இல்ல?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் தன் சமையலைச் சூட்டோடு அவள் சாப்பிட்டுப் பார்த்தது குறைவு.

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. அம்மா, பெரியம்மா, நான், மூவரும் போய்விட்டுச் சுருளிக்கிழங்கு வாங்கி வந்தோம். அன்றிரவு அதைத் தம்பி வேகவைத்தான். உப்பு கூடிப்போயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பெரியம்மாதான் சொன்னாள்: "அடுத்த வாட்டி சரியா வரும், பாரு."