அந்தி உணவும் அருள் நெஞ்சும்





ஆன்மா, வினை, வீடுபேறு என உயர்ந்த பொருள்கள் பல இருக்க, அடுக்களையைப் பற்றிப் பேசுவதற்கு என்ன உளது என்று சிலர் எண்ணக்கூடும். நாம் ஜினாலயத்தில் இருப்பது நாளில் சில நாழிகை. அடுப்பின் அருகிலும் இலையின் முன்னும் இருப்பதோ வாழ்நாள் முழுவதும். கொல்லாமை என்னும் பேரறத்தை நம் குழந்தைகள் முதன்முதலில் கற்பது நூலிலிருந்து அன்று. நீரை வடிகட்டும் வெள்ளைத் துணியிலிருந்தும், கீரையை ஒவ்வோர் இலையாகப் பார்த்து ஆயும் பாட்டியின் விரல்களிலிருந்தும்தான். ஆகவே இவ்விதழில் அந்தி உணவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பது நம் குல மரபு. மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே கை கழுவிவிட வேண்டும் என்பர் பெரியோர். நாங்கள் வாழும் திருவண்ணாமலையில் ஆனி, ஆடித் திங்களில் கதிரவன் மறைய ஏறக்குறைய 6.40 மணி ஆகும், கார்த்திகையிலோ 5.45 மணிக்கே இருள் சூழத் தொடங்கிவிடும். அப்படியாயின் கார்த்திகையில் 5 மணிக்கு முன் உண்டாக வேண்டும். பள்ளியும் அலுவலகமும் விட்டு, பேருந்து பிடித்து, வீடு திரும்புவோர்க்கு இஃது எளிதா?

இந்நோன்பின் காரணத்தை நாம் மறக்கலாகாது. எங்கள் பேரன் ஒருமுறை கேட்டான்: “பாட்டி, அந்தக் காலத்தில் விளக்கில்லை. இப்போதுதான் மின்விளக்கு இருக்கிறதே, இருட்டினால் என்ன?” நல்ல வினா. இதற்கு விடையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் தந்திருக்கிறார். விளக்கை ஏற்றினாலும் நுண்ணுயிர்கள் உணவில் விழுவதை இரவில் தடுக்க இயலாது என்பது அவர் கருத்து. பேரனிடம் நாங்கள் நூலைக் காட்டவில்லை. ஐப்பசி மழை விட்ட ஓர் இரவு, கூடத்து விளக்கைச் சுற்றி மொய்த்த ஈசலைக் காட்டினோம். “இதன் கீழே தட்டை வைத்து உண்பாயா?” என்றோம். அதன்பின் அவன் அந்த வினாவைக் கேட்டதில்லை.

நோன்பின் உயர்வைப் பேசிய நாவாலேயே நாங்கள் செய்த பிழையையும் கூறியாக வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் மகனுக்கு மணமாயிற்று. மருமகள் வேறோர் ஊரில் அலுவலகப் பணி செய்தவள். இல்லம் திரும்ப இரவு 7 மணி ஆகும். மாமனார் மாமியாராகிய நாங்கள் இருவரும் அந்திக்குமுன் உண்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுக்களைக் கதவைச் சாத்திவிடுவோம். முதல் வாரத்தில் அவள் வந்து நின்றபோது, “நாழிகை கடந்துவிட்டதம்மா, நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததன்று” என்றோம். “சரி, அத்தை” என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் அவ்வாறே. நாங்கள் அதைப் பணிவு என்று எண்ணி மகிழ்ந்தோம். நம் அறத்தை இவள் காப்பாள் என்று உறவினரிடம் பெருமையும் பேசினோம்.

மூன்றாம் திங்களில் ஒரு காலை, கோலமிட்டுவிட்டு எழுந்தவள் வாயிற்படியில் தலைசுற்றி அமர்ந்துவிட்டாள். மருத்துவர் கேட்ட முதல் வினா: “கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?” அவள் தயங்கி, “நேற்று மதியம் ஒரு மணிக்கு” என்றாள். அவள் கருவுற்றிருந்தாள் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். தீங்கொன்றும் நேரவில்லை, நல்வினையே. ஆயினும் அம்மருத்துவரின் வினா எங்களை இன்றும் விட்டபாடில்லை. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, வகுப்பறை வாயிலில் நின்று ஒவ்வொரு குழந்தையையும் “சாப்பிட்டாயா?” என்று கேட்டவர்கள் ஆசிரியைகளாகிய நாங்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நாங்கள், எங்கள் வாயிலில் வந்து நின்ற பெண்ணை அந்த ஒரு சொல்லால் கேட்கவில்லை.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார் ஏறும் படிகள் பதினொன்று கூறப்படுகின்றன. தமிழில் அருங்கலச்செப்பும் அவ்வழியே நடப்பது. அவற்றுள் இரவுணவு துறத்தல் ஆறாம் படி. உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்னும் நால்வகை உணவையும் இரவில் நீக்குபவன் அப்படியில் நிற்பவன். அவன் எத்தகைய உள்ளத்தோடு நீக்க வேண்டும் என்பதையும் ஆசாரியர் கூறாமல் விடவில்லை: உயிர்களிடத்து இரக்கம் நிறைந்த உள்ளத்தோடு! அவ்விரக்கத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது பட்டினி மட்டுமே. விளக்கில் விழும் ஈசலுக்கு இரங்கிய நாங்கள், எதிரில் நின்ற ஐயறிவும் மனமும் உடைய உயிருக்கு இரங்கவில்லை. தானே ஏற வேண்டிய படியில் பிறரைப் பிடித்துத் தள்ளினோம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களில் மானமே அன்று எங்கள் அடுக்களையைப் பூட்டியது. உள்ளத்தில் கஷாயம் எழுவதே இம்சை என்பதும் அமிர்தசந்திரர் வாக்கேயாகும்.

அட்சய திருதியையின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆதிபகவன் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். பின்னர் உணவுக்காக ஊர்தோறும் நடந்தார். மக்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பொன்னும் மணியும் கொணர்ந்தனர். ஆடையும் ஊர்தியும் கொணர்ந்தனர். துறவிக்கு எதை, எவ்வாறு அளிப்பது என்று அறிந்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. மேலும் பல திங்கள் அவர் உணவின்றியே நடந்தார். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன், முற்பிறவி நினைவு வரப்பெற்று, முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். அவன் அளித்தது விலையுயர்ந்த பொருளன்று. வந்தவருக்கு வேண்டியது எது என்று அறிந்து அளித்தான், அவ்வளவே. எங்கள் இல்லத்திலும் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, நோன்பும் இருந்தது. அளிக்கும் முறைதான் தெரியவில்லை.

அவ்வாண்டு தசலட்சண பருவம் முடிந்து மன்னிப்பு வேண்டும் க்ஷமாவாணி நாள் வந்தது. வழக்கமாக இளையோர் பெரியோரை வணங்குவர். அன்று நாங்கள் இருவரும் மருமகளிடம் பொறுத்தருளுமாறு வேண்டினோம். அவள் அழுதாள், நாங்களும் அழுதோம். அழுகையோடு நின்றுவிட்டால் போதாதன்றோ? மறுநாள் முதல் அடுக்களையின் முறையை மாற்றினோம்.

முதலாவது, காலையில் மதிய உணவோடு மாலைக்கும் ஒரு சம்படம் கட்டினோம். அலுவலகத்தில் மற்றவர் தேநீரும் வடையும் கொள்ளும் 4.30 மணிக்கு அவள் வயிறார உண்ண வேண்டும். அதற்கு ஆறினாலும் சுவை குன்றாத பண்டம் தேவை. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், அரிசி உப்புமா, கடலை உருண்டை ஆகியவை இதற்கு ஏற்றவை. எல்லாவற்றினும் அடை நன்று. புழுங்கலரிசி இரண்டு ஆழாக்கு, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரையரை ஆழாக்கு, உளுந்து கால் ஆழாக்கு. மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்க வேண்டுவதில்லை. காய்ந்த மிளகாய், மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையை ஆய்ந்து கலந்து, கனமாக வார்க்க வேண்டும். வெங்காயம் இல்லையே என்ற குறை பெருங்காயத்தால் தீரும். இஞ்சி வேண்டுவோர்க்குச் சுக்கு உளது.

இரண்டாவது, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் 4.30 மணிக்குப் பிஸ்கட்டும் தேநீரும் தந்து பசியை ஏமாற்றும் வழக்கத்தை நிறுத்தினோம். அந்நேரமே சூடான சாப்பாடு. கதம்பச் சாதம் எனில் ஒரே பாத்திரம் போதும். அரிசி ஓர் ஆழாக்கு, துவரம்பருப்பு அரை ஆழாக்கு ஆகியவற்றைக் குழைய வேகவைத்து, பரங்கி, அவரை, முருங்கை, வாழைக்காய்த் துண்டங்களைப் புளிநீரில் வேகவைத்துச் சேர்க்க வேண்டும். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், சிறிது வெந்தயம், ஒரு கைப்பிடித் தேங்காய் ஆகியவற்றை வறுத்துப் பொடித்துக் கலந்து, வேர்க்கடலையும் நெய்யும் இட்டு இறக்கினால், விளையாடிக் களைத்த பிள்ளை இரண்டாம் முறை தட்டை நீட்டும். வயிறு நிறைந்த பிள்ளை இரவில் உணவு கேட்பதில்லை. அந்தி உணவு சிற்றுண்டியாக இருந்தால் நோன்பு நிலைக்காது. அது முழு உணவாகவே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அந்திக்குமுன் உண்ண இயலாது வருபவர்க்கு மூடி வைத்த ஒரு தட்டு. நோன்பு ஏற்காதவர் பசியோடு படுக்கலாகாது. ஈசல் நுழையாதபடி சன்னலைச் சாத்தி, முகம் வாடாமல் பரிமாற வேண்டும். இதை நெகிழ்ச்சி எனச் சில பெரியோர் கடியலாம். நோன்பேற்றவர் தம்மளவில் ஒரு துளியும் தளரக் கூடாது என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. பிறர் பசியின்மீது நம் நோன்பை நிறுத்தக் கூடாது என்பதே நாங்கள் கற்றது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்க என்பது. பேத்திக்கு உருளைக்கிழங்கு வறுவலில் ஆசை. கிழங்கு அனந்தகாயம், ஓருடலில் எண்ணற்ற உயிர் வாழ்வது என்று பாடம் நடத்துவதற்கு முன், அதே காரமும் அதே மொறுமொறுப்புமாக வாழைக்காயை வறுத்துத் தட்டில் வைத்தோம். அதன் சுவை நாவில் ஏறிய பின்னரே தத்துவம் செவியில் ஏறிற்று.

இவ்வளவையும் ஒரு பெண்ணே செய்ய வேண்டுமா என்று கேட்பீர்களாயின், கூடாது என்பதே விடை. எங்கள் வீடு ரமணாசிரமப் பகுதியில், மயில்கள் மதிலேறி அகவும் தெருவொன்றில் உள்ளது. ரமண மகரிஷி விடியுமுன்னரே சமையற்கூடம் சென்று காய் நறுக்கியதையும், தாமே சமைத்ததையும், சிந்திய தானியமணியையும் வீணாக்காததையும், பந்தியில் பிறர்க்கு இல்லாத எதையும் தமக்கு மட்டும் இட ஒப்பாததையும் இவ்வூர் முதியோர் சொல்லக் கேட்டே வாழ்கிறோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நல்லது எங்கிருந்தாலும் ஏற்பது அனேகாந்தம் பயின்ற நமக்கு இயல்பன்றோ? ஞானியின் கையே அரிவாள்மணையைத் தொட்டதென்றால், நம் வீட்டு ஆடவர் கைகள் தொடுவதில் இழுக்கென்ன? இந்நாளில் எங்கள் இல்லத்தில் காய் நறுக்குவது மகனின் பொறுப்பு. நீர் வடிகட்டுவது பேரனின் பொறுப்பு.

இனி, விழா நாட்கள். பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறடைந்த வைகறையே நமக்குத் தீபாவளி. அந்நாளில் வழிபாடு முடித்து, நண்பகலிலேயே விருந்தை வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கும் அவ்வாறே. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலைமேல் சுடர் தோன்றும். அதைக் காண எங்கள் மாடிக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் வருவர். 4 மணிக்கே பந்தி போட்டுவிடுவோம்: சர்க்கரைப் பொங்கல், பரங்கிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொடிமாஸ், மிளகு ரசம். முதலில் “இவ்வளவு சீக்கிரமா?” என்று நகைத்தவர்கள், இப்போது 3.30 மணிக்கே வந்துவிடுகிறார்கள். இரவு விருந்தை மறுக்கும் சமயம் என்று பெயரெடுப்பதைவிடப் பகல் விருந்தால் மகிழ்விக்கும் சமயம் என்று பெயரெடுப்பது மேலன்றோ?

மருமகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ஐந்தாம் ஆண்டுத் தசலட்சணத்தில், யாரும் சொல்லாமல், தானே முனிவரை வணங்கி இரவுணவு விலக்கும் நோன்பை ஏற்றாள். இன்று வரை தவறியதில்லை. மகன் இன்னும் ஏற்கவில்லை. அவனுக்கென மூடி வைத்த தட்டு இன்றும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அதைத் திறந்து பரிமாறுபவள் அவளே. அவள் முகத்தில் ஒரு நாளும் சுளிப்பைக் கண்டதில்லை. ஆறாம் படியில் நிற்பவர் யார் என்பதை நாங்கள் அவளிடம் கற்றுக்கொண்டோம்.

எனவே அன்பர்களே, இவ்விதழைப் படிப்போர் மூன்று நியமங்களை ஏற்க வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு நாளேனும் குடும்பத்தார் அனைவரும் அந்திக்குமுன் ஒன்றாக அமர்ந்து உண்க. வேலைக்குச் செல்வோர்க்கு மாலை உணவைக் காலையிலேயே கட்டித் தருக. எந்நேரமாயினும் வீட்டில் நுழைபவரிடம் நோன்பைப் பற்றிப் பேசுமுன், “சாப்பிட்டாயா?” என்று கேட்க.

அருள் பெருகுக! அறம் வளர்க! ஜினதருமம் வாழ்க!