அந்நிய பாஷையும் பிறர்சிநேகமும்



பிழைப்புக்காகக் கடல் கடந்து போன பிள்ளையை நினைத்துச் செபமாலை சொல்லும் தாய்மார் நம் பங்கிலே அநேகர். அப்படிப்பட்ட ஒருத்தியின் மகள், இத்தாலிய தேசத்திலே ஒரு முதியவருக்குப் பணிவிடை செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வேலை. இரவிலே கைப்பேசியை எடுத்து, பாஷை கற்பிக்கும் செயலியைத் திறக்கிறாள். 2012-ம் ஆண்டில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டுவோலிங்கோ போன்றது அது. அது ஒரு சொல்லைச் சொல்லும். இவள் திருப்பிச் சொல்லுவாள். தவறினால் திருத்தும். விடாமல் எத்தனை நாள் படித்தாள் என்று எண்ணியும் காட்டும்.

இது வீண் வேலையல்ல. அந்நாட்டில் நீண்டகால வாசத்துக்குரிய அனுமதிச் சீட்டுக்கு 2010 முதல் பாஷைப் பரீட்சை உண்டு. குடியுரிமை கேட்போருக்கு 2018 முதல் அதிலும் உயர்ந்த தேர்ச்சி வேண்டும். ஆகையால் பிள்ளைகளே, ஊக்கமாய்ப் படியுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தாலிய பாஷையிலே ‘சேதே’ என்றால் தாகம். ‘செத்தே’ என்றால் ஏழு. நடுவிலே ஓரெழுத்து இரட்டிப்பதுதான் முக்கிய வித்தியாசம். ‘பாடு’, ‘பாட்டு’ என்று பழகிய தமிழ்க் காதுக்கு இது எளிது. செயலியும் இதைச் சரியாகக் கற்பிக்கும். என்றாலும் செயலிக்குத் தாகமெடுக்காது. பல்லில்லாத முதியவர் நடுச்சாமத்திலே படுக்கையிலிருந்து அந்தச் சொல்லை முனகும்போது, அதைக் கேட்டு எழுந்திருக்க வேண்டியது இவளுடைய இருதயம். சிலுவையிலே தொங்கினபோது நம் ஆண்டவரும் தமக்குத் தாகமென்று சொன்னார் அல்லவா? தாகமாயிருந்தவனுக்குக் கொடுத்த தண்ணீர் தமக்கே கொடுத்தது என்று நடுத்தீர்வையிலே சொல்லப்போகிறவரும் அவரே.

சிலர் இருநூறு நாள் விடாமல் படித்தும், கடைத்தெருவிலே வாய் திறக்க மாட்டார்கள். பிழையாய்ப் பேசினால் சிரிப்பார்களே என்ற வெட்கம்! இந்த வெட்கத்துக்குள்ளே கொஞ்சம் ஆங்காரமும் ஒளிந்திருக்கிறது. இத்தாலியராகிய தத்துவ போதகர் 1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்து, குழந்தையைப் போல நம் பாஷையைக் கற்றார். அதே தேசத்தில் 1680-ல் பிறந்த வீரமாமுனிவர், தேம்பாவணியும் சதுரகராதியும் செய்யுமளவுக்குத் தமிழில் தேறினார். தொடக்கத்திலே அவர்கள் நாவும் இடறாமலா இருந்திருக்கும்? நம் முன்னோர் அதைப் பொறுத்துத் திருத்தியிராவிட்டால் அந்நூல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

அந்நிய நாட்டிலிருக்கும் மக்களே, தினமும் உயிருள்ள ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தையாவது பேசுங்கள். விளங்காத பதினாயிரம் வார்த்தையிலும் விளங்குகிற ஐந்து வார்த்தை மேல் என்று எண்ணினவர் அர்ச். சின்னப்பர். பூசையிலே அந்த ஊராரோடு சேர்ந்து பரலோக மந்திரத்தை அவர்கள் பாஷையிலேயே சொல்லிப் பழகுங்கள். பாஷை தெரியாதென்று பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிடாதேயுங்கள்; மொழிபெயர்ப்பவரைக் கொண்டும் அதைச் செய்யலாமென்று திருச்சபைச் சட்டமே இடங்கொடுக்கிறது. அந்த மொழிபெயர்ப்பவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். வாரம் ஒரு தரமாவது உங்கள் தாயாரோடு தாய்மொழியிலே பேசுங்கள்.

ஊரிலிருக்கும் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தெருவிலே கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகளும் ஒரு தாயின் பிள்ளைகளே. கடையிலே ‘தண்ணி’ என்ற சொல்லுக்குத் தடுமாறும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தூரதேசத்திலே நம் மகளைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாதென்று மெழுகுதிரி கொளுத்துவது நியாயமா? அவன் பிழையை அன்பாய்த் திருத்துங்கள். அவன் பெயரைக் கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். நம் பிள்ளைக்கு அங்கே யார் தண்ணீர் கொடுப்பாரென்று நமக்குத் தெரியாது, சர்வேசுரனுக்குத் தெரியும்.

பற்பல தேசத்தாரும் தத்தம் பாஷையிலே கேட்கும்படி அப்போஸ்தலர்களைப் பேசச் செய்த இஸ்பிரீத்துசாந்துவானவர், நம் நாவையும் காதையும் இருதயத்தையும் திறப்பாராக. ஆமென்.