நம்பிக்கையும் குற்றவுணர்வும்

இருண்ட காலத்தில் நம்பிக்கையைப் போதிப்பவரை ஐயுறுவது நம்மவர் வழக்கம். அது பிழையான வழக்கமுமன்று. மறுமை இன்பத்தைக் காட்டி இம்மைக் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளச் செய்த போதனைகள் பலவற்றை வரலாறு கண்டிருக்கின்றது. ஆயின், 1844 இல் மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியில் அதனைத் துன்புறுவோரின் எதிர்ப்பாகவும் கண்டார் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். எந்த நம்பிக்கை மயக்குகின்றது, எந்த நம்பிக்கை விழிக்கச் செய்கின்றது என்பதே ஆராயத்தக்க கேள்வி.

இதற்கு ஜேர்மனி நல்லதோர் உரைகல். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அங்கு நம்பிக்கைக்குக் குறைவிருக்கவில்லை. ‘ஜேர்மன் கிறிஸ்தவர்கள்’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட இயக்கத்தினர் அதனைத் தேசத்தின் புத்துயிர்ப்பாகவே கொண்டாடினர். யூத வழிவந்த குருமாரைத் திருச்சபைப் பதவிகளினின்றும் நீக்க முற்பட்டனர். மறுமலர்ச்சி என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே மகிழ்ந்துவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். யாரை வெளியேற்றிவிட்டு மலர்கின்ற மலர்ச்சி அது?

அந்த ஜேர்மனியில் வளர்ந்தவர் யூர்கன் மோல்ட்மன். 1926 இல் ஹம்பேர்க் நகரிலே, மதப்பற்று அதிகமில்லாத குடும்பத்திற் பிறந்து, கணிதம் பயில எண்ணியிருந்தவர். 1943 ஜூலையில் அந்நகர் குண்டுகளால் எரிந்தபோது விமான எதிர்ப்புப் பீரங்கியருகே நின்றார். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான். இவர் உயிர் தப்பினார். 1945 இல் பிரித்தானியரிடம் போர்க்கைதியாகி, பெல்ஜியத்திலிருந்து ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்குதான் பெல்சன் முதலிய வதைமுகாம்களின் புகைப்படங்கள் கைதிகளின் பார்வைக்கு வைக்கப்பட்டன. தாம் எதற்காகப் போரிட்டோம் என்பது அவருக்கு அப்போதே விளங்கிற்று. தோல்வியினும் கொடிது அவ்விளக்கம்.

முகாமில் ஒரு குரு அவருக்கு வேதாகமத்தைக் கொடுத்தார். சிகரெட் கிடைத்திருந்தால் அதிகம் மகிழ்ந்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு. மாற்குவின் சுவிசேஷத்தில், சிலுவையிலே கைவிடப்பட்டவராய்க் கதறும் இயேசுவைக் கண்டபோது, தம்மை விளங்கிக்கொள்ளும் ஒருவரைக் கண்டதாக உணர்ந்தார். வெற்றிவாகை சூடிய கடவுளால் அந்த இளைஞனுக்குப் பயனிருந்திராது.

எனினும் நூலொன்று மட்டும் மனிதனைப் புதுப்பித்துவிடுவதில்லை. 1947 இல் இங்கிலாந்தின் சுவான்விக்கில் நடந்த கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்கு ஜேர்மன் கைதிகளும் அழைக்கப்பட்டனர். ஒல்லாந்து மாணவர் சிலர் அவர்களிடம் வந்து பேசினர். நாஜி ஆக்கிரமிப்பிலே தாம் பட்டவற்றையும், இழந்த யூத நண்பர்களையும் பற்றி ஒளிக்காமற் கூறினர். கூறிய பின்னரே இணக்கத்துக்குக் கைநீட்டினர். இவ்வொழுங்கு எனக்கு முக்கியமாகப் படுகின்றது. உண்மை முதலில், மன்னிப்புப் பின்னர். இழைத்த தீங்கை வாய்திறந்து சொல்லாமல் ‘கடந்ததை மறப்போம்’ என்பவர்கள் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகிறார்கள்.

1948 இல் நாடு திரும்பிய மோல்ட்மன், 1960 இல் ஏர்ன்ஸ்ற் புளொக்கின் நூலைப் படித்தார். புளொக், நாஜிகளிடமிருந்து தப்பியோடிய யூதர், மார்க்ஸியர், நாத்திகர். உலகம் இன்னும் முடிந்துவிடாதது, ஆகவே மாற்றத்தக்கது என்று மூன்று பெருந்தொகுதிகளில் வாதித்தவர். நாத்திகர் ஒருவர் நம்பிக்கையை இவ்வளவு ஆழமாக ஆராய்ந்திருக்க, கிறிஸ்தவர் அதனை ஏன் கைவிட்டனர் என்ற கேள்வியிலிருந்து 1964 இல் ‘நம்பிக்கையின் இறையியல்’ பிறந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிறவன் உள்ள உலகோடு சமாதானமாக இருக்கமுடியாது என்பது அதன் சாரம். தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல் கடவுளை நம்புதலையும் வருங்காலத்தை எதிர்பார்த்தலையும் குறிப்பதால் இக்கருத்து நமக்கு எளிதிற் பிடிபடுவதில்லை. 1995 இல் வெளிவந்த பொது விவிலிய மொழிபெயர்ப்பு பின்னையதற்கு ‘எதிர்நோக்கு’ என்னும் சொல்லை ஆள்கின்றது. நல்ல சொல்.

நான் விசுவாசியல்லன். அந்நூலின்மேல் எனக்கொரு குறையுமுண்டு: அது வருங்காலத்தை நோக்கி விரைகின்ற வேகத்தில், ஸ்கொட்லாந்து முகாமிற் கண்ட அப்படங்கள் பின்தங்கிவிடுகின்றன. 1972 இல் வெளியான ‘சிலுவையில் அறையுண்ட கடவுள்’ என்னும் நூலிலேதான் அவர் ஔஷ்விற்ஸை நேர்நின்று எதிர்கொள்கின்றார். அப்படங்களைக் கண்டு அப்போது இருபத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன.