ஆற்றில் விட்ட கட்டைகள்

ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். வருஷக்கணக்கில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை, இருக்கிறாரோ, போய்விட்டாரோ. அந்த வாக்கு நம்மைக் கட்டுமா? வேங்கிக்கால் ஏரிக்கரையில் மாலையில் கூடும் நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு தர்மசாஸ்திரம் சொல்வார்கள். நான் கிந்துப்பின் கதையைச் சொல்வேன்.

1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்த ஸர்வேக்காரர்கள், எண்பது வருஷத்துக்குள் இமயத்தை எட்டிவிட்டார்கள். ஆனால் திபெத்தில் கிழக்கே ஓடும் ஸாங்போ நதி, மலைகளுக்கும் அடர்காட்டுக்கும் நடுவே புகுந்து என்ன ஆகிறது? அங்கே படம் வெறுமையாகக் கிடந்தது. அஸ்ஸாமில் இறங்கும் பிரம்மபுத்திராதான் அது என்று ஊகம், நிரூபணம் இல்லை. திபெத்தில் வெள்ளையருக்கு அனுமதியில்லை. ஆகவே 1880-இல் காப்டன் ஹார்மன் ஒரு சீன லாமாவை அனுப்பினார். கூட எடுபிடியாகப் போனவர் கிந்துப். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆற்றோடு போக முடிந்தவரை போவது. அப்புறம் அடையாளமிட்ட கட்டைகளை ஆற்றில் விடுவது. அஸ்ஸாமில் ஆட்கள் காத்திருந்து பார்ப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

லாமா வழியில் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டான். கிந்துப் தப்பி ஓடினார். வீட்டுக்கல்ல, ஆற்றோரமாகவே, கீழ்நோக்கி! துரத்தி வந்தவர்களுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு மடத்தின் தலைவர் அவரை வாங்கிக்கொண்டார். யாத்திரை போவதாக விடுப்புக் கேட்டு, ஐந்நூறு கட்டைகள் வெட்டிக் குகையில் ஒளித்தார் கிந்துப். இன்னொரு விடுப்பில் லாஸாவுக்கு நடந்து, 'இன்ன தேதிகளில் நாளைக்கு ஐம்பது கட்டை விடுவேன்' என்று பிறரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினார். பிறகு மடத்துக்கே திரும்பினார். விடுப்பு முடிந்து திரும்பிவரும் அடிமை! கடைசியில், சொன்னபடி பத்து நாள் கட்டைகளை விட்டார்.

கீழே யாருமில்லை. கடிதம் ஹார்மன் கைக்குப் போகவில்லை. அவர் இந்தியாவை விட்டே போயிருந்தார்.

"நிஷ்காம கர்மம்!" என்றார் ஒரு நண்பர். எனக்கு ஒப்பவில்லை. பலனை வேண்டாதவர் லாஸாவரை நடந்து கடிதம் அனுப்புவாரா? யாராவது பார்க்கவேண்டும் என்றுதான் அந்த மனிதர் தவித்தார். அவரைப் பலன் துறந்த ஞானியாக்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. பலன் தரவேண்டியவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். வாக்குக்கும் இரண்டு கரை உண்டல்லவா?

1884-இல் திரும்பிவந்து அவர் நினைவிலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டார்கள், பலர் நம்பவில்லை. 1913-இல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து, பெரும்பாலும் சரியென்று கண்டார்கள். ஓர் அருவியின் உயரம் மட்டும் இடித்தது. அது எழுதிக்கொண்டவரின் குழப்பம். கிந்துப்புக்கு ஓய்வூதியம் தரும்படி பெய்லி கேட்டார். அரசாங்கம் ஒரே தடவையாக ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தது. சிறிது காலத்தில் கிந்துப் இறந்துபோனார்.