கீரிமலைக் கேணியில் களிப்பும் கடனும்

யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் யாழ்ப்பாணம் வரும் குடும்பங்கள் பல, ஒரு பகலைக் கீரிமலைக்கு ஒதுக்குகின்றன. கடலை ஒட்டிய கேணியில் ஊறுவது நன்னீர். பிள்ளைகள் குதித்துக் கும்மாளமிட, பெரியவர்கள் கைகூப்பி மூழ்கி எழுகிறார்கள்.

ஆடி அமாவாசையன்று, தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் முடித்து நீராடுவதும் இங்கேதான்.

களிப்பும் கடனும் ஒரே நீரில் கூடலாமா? புனிதத்துக்கு அடக்கம் வேண்டும் என்போரின் கவலை நியாயமானது. துக்கத்தோடு வந்தவருக்கு அமைதி தேவை. ஆனால் சைவம் உடலின் மகிழ்ச்சியை ஒதுக்கியதில்லை. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் தோழியர் குளத்தில் குடைந்து விளையாடியபடியே சிவனைப் பாடுகிறார்கள். இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் கீரிமலைத் தீர்த்தத்தில் நீங்கியதாகச் சொல்லும் ஐதீகமும், உடல் நலமடைந்ததையே அருளாகக் கொள்கிறது.

கேணிக்கு அருகிலுள்ள நகுலேஸ்வரம் சிவன் கோயில் போரின்போது 1990இல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பிறகு இப்பகுதி நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டது. ஒரு தலைமுறை கடனையும் இழந்தது, நீச்சலையும் இழந்தது. இரண்டும் ஒன்றாகவே திரும்பி வந்திருக்கின்றன. அமாவாசைக் காலையைக் கடன் செய்வோருக்கு விட்டுக்கொடுத்து, மற்றப் பகல்களில் பிள்ளைகளை ஆசைதீர நீந்த விடுவதே முறை.