அழுகியது எது?

'ஊழல்' என்ற சொல்லின் பழைய பொருள் அழுகல். 'ஊழ்த்தல்' என்றால் பதம் கடந்து கெடுதல். பொதுப் பணத்தைச் சுருட்டுவதைக் குறிக்க அந்தச் சொல் பிறகுதான் வந்து பொருந்தியது. தமிழில் கெட்டுப்போவதாகச் சொல்லப்படும் இன்னொரு பிறவி உண்டு: பெண். 'கெட்டுப்போனவள்' என்றதும், அவள் எவ்வளவு கையாடினாள் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சு அவள் உடலைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். ஊழல் வழக்கில் சிறை சென்றவர் மாலையோடு திரும்பி வரலாம். கெட்டுப்போனவளுக்குத் திரும்பி வர ஊர் கிடையாது.

இந்த இரண்டு சொற்களும் ஓர் அரசு மேசையில் சந்திக்கின்றன. கணவனை இழந்தவள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிறாள். கையெழுத்துப் போட அதிகாரி பணம் கேட்டால் அது லஞ்சம். உடலைக் கேட்டால்? 'தப்பா நடந்துக்கிட்டார்' என்கிறோம். வேறு வழியில்லாமல் அவள் இணங்கியிருந்தால், 'அட்ஜஸ்ட் பண்ணிப் போயிட்டா' என்கிறோம். அழுகியது நாற்காலி, நாற்றம் மட்டும் அவள்மேல் ஏறிவிடுகிறது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், லஞ்சம் பணமாக மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பதவியைப் பயன்படுத்திப் பெண்ணை இணங்கவைப்பது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். ஆனால் முதலாவது அரசின் நேர்மை பற்றிய கோப்பு. இரண்டாவது பெண்ணின் உடல் பற்றிய கோப்பு. இரண்டையும் ஒன்றாகக் கட்ட 2018 டிசம்பரில் ஜம்மு காஷ்மீர் முயன்றது. அதிகாரத்தில் இருப்பவர் பாலியல் இணக்கம் கேட்பதைத் தன் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக்கி, ஊழல் தடுப்புச் சட்டத்திலும் அதை முறைகேடாகச் சேர்த்தது. அடுத்த ஆண்டே மாநிலம் யூனியன் பிரதேசமாக்கப்பட்டது. அதன் தனித் தண்டனைச் சட்டமும் போனது.

அப்படியானால் 'இதுவும் லஞ்சம்தான்' என்று உரக்கச் சொன்னால் போதுமா? அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டுவரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தவர் தப்பிக்கலாம், ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால். நடந்ததைத் தாயிடம் சொல்லவே ஏழு மாதம் ஆகும் பெண்ணிடம் ஏழு நாள் கணக்கு கேட்கிறது சட்டம். உடலை லஞ்சம் என்று எழுதினால், அவளைக் 'கொடுத்தவள்' என்றும் எழுத வேண்டி வரும்.

இங்கேதான் சொல்லைக் கவனமாகத் தேர வேண்டியிருக்கிறது. லஞ்சத்தைக் கொடுக்கலாம், வாங்கலாம். அதற்கு இரண்டு கைகள் வேண்டும். ஊழலை யாரும் கொடுப்பதில்லை. ஊழலைச் செய்கிறார்கள், அதைச் செய்யப் பதவி வேண்டும். அந்த அறையில் பதவி இருந்தது ஒருவரிடம் மட்டுமே.

உடல்மீதான வன்முறையை ஊழல் என்பது அதைச் சிறிதாக்காதா என்ற கேள்வி நியாயமானது. வன்முறை என்ற பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. ஊழல் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அப்போது விசாரணை அவள் எதற்கு அங்கே போனாள் என்பதில் தொடங்காது. அந்தக் கையெழுத்து ஏன் தாமதமானது என்பதில் தொடங்கும்.